தொட்டிக்குள் முருகைக்கல்

சென்ற ஆண்டு ரொறன்ரோவில் நண்பரொருவரின் வீட்டில் தங்க நேர்ந்தது. வரவேற்பறையில் நீல ஒளி வீசும் பெரிய கண்ணாடித்தொட்டி. உள்ளே பச்சையும் ஊதாவுமாக உயிருள்ள முருகைக்கற்கள்! நீரின் வெப்பம் 25 பாகை. கல்சியமும் காரத்தன்மையும் நாள்தோறும் அளக்கப்படுகின்றன. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் இவ்வளவு கவனித்தாரோ தெரியாது.

அந்த வண்ணத்திற் பாதி விளக்கின் உபயம். கடலில் நலமாயுள்ள முருகை பெரும்பாலும் கபில நிறமே. அதன் இழையத்துள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியின் நிறம் அது. வெப்பம் மிகுந்தால் பாசி நீங்கும், முருகை வெளிறும். 1998 இல் ஹிக்கடுவையில் பெருமளவு முருகைகள் அவ்வாறுதான் மடிந்தன.

"கடல் கொதிக்கும்போது தொட்டியிலாவது பிழைக்கட்டுமே" என்றார் நண்பர். வளர்ப்பு முருகையின் கிளையை நறுக்கி, ஒட்டி வளர்த்ததாயின் எனக்கு மறுப்பில்லை. கடலிலிருந்து பெயர்த்ததாயின் ஒருபோதும் ஏற்கேன். கல்முருகைகளின் சர்வதேச வணிகத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பத்திரத்தோடு பெயர்த்தாலும் கடலுக்கு அது இழப்பே.

இதைச் சொல்ல நமக்கென்ன அருகதை என்றும் தோன்றியது. தென்கரையில் முருகைக்கல்லை அகழ்ந்து, சூளையிலிட்டு, சுண்ணாம்பாக்கி வீடு கட்டிய நாட்டவரல்லவா நாம்? 1981 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னரும் அது உடனே ஓயவில்லை. அதற்காக வாய்மூடியிருக்கவும் இயலவில்லை.

"இவற்றின் தாய்க்கிளை எந்தக் கடலுடையது? விற்றவரிடம் கேட்டீரா?" என்றேன்.

நண்பர் மீன்களுக்கு உணவெடுக்க எழுந்து போனார்.