கங்காணி ஏடும் கைரேகைக் கருவியும்

புலம்பெயர்வு பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் பிரிவுத் துயரையும் மண்ணேக்கத்தையும் பேசி அமைகின்றன. பெயர்ந்தோரை எண்ணிப் பதிந்து கண்காணித்த அதிகாரத்தைப் போதிய அளவு பேசவில்லை. மின்னணுக் கண்காணிப்பு என்பது பெருநகருக்கும் கணிப்பொறியியலுக்கும் உரிய பொருள், தமிழ்த்துறைக்கு அதில் இடமில்லை என்பாரும் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று.

சூரியநெல்லி, மூணாறு முதலிய இடுக்கி மலைப்பகுதித் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்போருள் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் முன்னோரை மலையேற்றியவர் கங்காணியர். 'கங்காணி' என்னும் சொல்லே 'கண்காணி' என்பதன் திரிபாகும். இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, கடன் தீராமல் வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு அவரைப் பிணித்தது. 1921இல் தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் அடிமைகள் இருட்டியபின் விளக்கின்றி நடமாடத் தடை இருந்தது. அவ்விளக்கை இன்றைய கண்காணிப்பின் முன்வடிவமாகச் சிமோன் பிரவுன் தம் 2015ஆம் ஆண்டு நூலில் காட்டுகிறார். எனவே கருவி புதிது, பார்வை பழையது.

கருவி நடுநிலையானது என்பது அடுத்த வாதம். முகத்தைக் கொண்டு பாலினம் கணிக்கும் வணிக மென்பொருள்களை ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தனர். வெளிர்நிற ஆடவரிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை; கருநிறப் பெண்டிரிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது. தமிழ்நாட்டுக் காவல்துறை 2021இல் முகமறி மென்பொருளை நடைமுறைக்குக் கொணர்ந்த நிலையில், இது அயலார் செய்தியன்று.

பதிவு தொழிலாளர் நலனுக்கே என்பர் சிலர். கேரள அரசு 2017இல் தொடங்கிய 'ஆவாஸ்' திட்டம் பிற மாநிலத் தொழிலாளருக்கு மருத்துவ உதவியும் விபத்து மரணத்திற்கு 2 இலட்சம் ரூபாய் காப்பீடும் அளித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் காப்பீட்டு அட்டையே கைரேகையுடன் கூடிய ஆட்பதிவாகவும் அமைந்தது. மாநிலங்களுக்கிடையே பெயரும் தொழிலாளர் குறித்த 1979ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெறும் கடமையை நிறுவனத்தின்மீதும் உரிமம் பெறும் கடமையை ஒப்பந்தக்காரர்மீதும் சுமத்தியது. அச்சட்டத்தின் பதிவு முதலாளியை நோக்கியது. இன்றைய பதிவோ தொழிலாளியை நோக்குகிறது. இவ்வேறுபாட்டை மறைத்து நலன் பேசுதல் முறையன்று.

2011இல் முல்லைப்பெரியாறு சிக்கலின்போது இடுக்கித் தமிழர் பலர் அஞ்சித் தேனி மாவட்டத்திற்கு இறங்கினர். அன்று 'அயலார்' என்னும் சொல்லின் வலியை நாம் அறிந்தோம். ஆயினும் வடமாநிலத் தொழிலாளரைக் காவல்நிலையத்தில் பதிய வேண்டும் என்னும் குரல் இன்று நம்மிடையே எழும்போது, நம் ஆய்வுலகம் வாய்திறப்பதில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறினர். அவ்வுரிமை சூரியநெல்லித் தமிழருக்கு உண்டெனில், திருப்பூருக்கு வந்த பீகாரியருக்கும் உண்டு.

கங்காணி ஏட்டில் பெயராகக் கிடந்தவரின் வழித்தோன்றல்கள் நாம். இன்று ஏடு யார் கையில் உள்ளது, யார் பெயர் எழுதப்படுகிறது என வினவுதல் தமிழாய்வின் எல்லைக்குப் புறம்பானதன்று; அதன் முதற்கடனாகும்.