மூலமும் பிரதியும் இடம் மாறினால்

என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர், அண்மையில் தமது கணினியைத் திருத்தும் கடையொன்றில் ஒப்படைத்தார். கணினி மிகவும் மந்தமாக இயங்கியது. பழைய வன்தட்டில் உள்ள அனைத்தையும் புதிய எஸ்எஸ்டி தட்டுக்கு அப்படியே மாற்றித் தருமாறு கேட்டிருந்தார். மறுநாள் சென்றபோது கடையிலிருந்த இளைஞர் தலைகுனிந்து நின்றார். "ரெண்டும் ஒரே அளவு ஐயா, மாறிப்போச்சு" என்றாராம்.

புதிய தட்டின் வெறுமை, நிறைந்திருந்த பழைய தட்டின் மீது பிரதி செய்யப்பட்டிருந்தது. ஓர் இடமும் விடாமல் பிரதி செய்யும் முறையைத் தெரிவு செய்திருந்தபடியால் மீட்பு மென்பொருட்களும் கைவிரித்துவிட்டன. இருபது ஆண்டுகாலக் கட்டுரைகளும் நேர்காணல் ஒலிப்பதிவுகளும் போயின.

அந்த இளைஞரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டு உழைப்பை ஒரேயொரு தட்டில் வைத்திருந்தவர் நண்பர். நானும் அவ்வாறே வைத்திருந்தேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டுரைகளை மட்டும் பென் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். பலருக்கு அது போதும். ஆனால் யூனிகோட் பரவலாகும் முன்னர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எங்களுடைய பழைய ஆக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தென்படும். பக்கங்களை வடிவமைத்த பேஜ்மேக்கரின் நிறுவல் தட்டு எங்கே போனதென்று தெரியாது. எழுத்துருக்கள், மென்பொருட்கள், விசைப்பலகை அமைப்புகள் யாவும் இயங்குதளத்தோடு ஒன்றாகக் கிடப்பதால், அத்தட்டை முழுமையாகப் பிரதி செய்வதே எனக்குப் பொருத்தமாக இருந்தது. விண்டோஸ் 10 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி நிறுத்தியதன் பின்னர் பலர் புதிய பதிப்புக்கு மாறி வருகின்றனர். அவர்களும் மாறுவதற்கு முன்னர் இதனைச் செய்து வைப்பது நல்லது.

நண்பரின் கதையைக் கேட்ட பின் நான் வாங்கிய புதிய தட்டு மூன்று வாரங்கள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அச்சம்தான் காரணம். கடைசியில் குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கினேன். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் கோப்புகளைச் சாதாரணமாக இழுத்துப் போட்டுப் பிரதி செய்ய முடியாது. பயன்பாட்டில் உள்ள கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். அத்தோடு 'சி' பகுதியை மட்டும் எடுத்தால் போதாது. கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு பகுதியொன்று தனியாக, கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறது. அது வராவிட்டால் புதிய தட்டு உயிர் பெறாது.

எது மூலம், எது இலக்கு என மென்பொருள் கேட்டது. தெரிவு செய்தேன். இலக்கில் உள்ள அனைத்தும் அழியும், சம்மதமா எனக் கேட்டது. ஆம் என்றேன். மீண்டும் கேட்டது. அந்த இரண்டாவது கேள்வியில்தான் திரையை உற்று நோக்கினேன். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவிலான தட்டுகளாதலால் பெயர்கள் ஒன்றுபோல இருந்தன. தொடரிலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகள் மட்டுமே வேறுபட்டன. அழியப் போவதாகக் காட்டப்பட்டிருந்தது என் பழைய தட்டு!

கணினியை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் குடித்தேன். பிறகு இரண்டு தட்டுகளின் தொடரிலக்கங்களையும் தாளில் எழுதி, 'பழையது', 'புதியது' எனக் குறித்து அருகில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.

ஏனைய முன்னேற்பாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழக்க முடியாத கோப்புகளை முதலில் தனியாக வேறோர் இடத்தில் பிரதி செய்துவிட வேண்டும். பழைய தட்டு விநோத ஒலி எழுப்பினால் சோதனைகளால் அதனை மேலும் வருத்தலாகாது. பிட்லொக்கர் பூட்டு இருப்பின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். புதிய தட்டு பழையதை விடச் சிறிதாக இருத்தலாகாது. மின்சாரம் மிக முக்கியம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் நுழைந்த ஒரு குரங்கினால் நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் கூறிய தேசம் இது. மேசைக் கணினியென்றால் யூபிஎஸ் இன்றித் தொடங்க வேண்டாம்.

பிரதி முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் கொண்டு கணினியை இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரே அடையாளம் கொண்ட இரண்டு தட்டுகளையும் ஒன்றாக மாட்டினால் விண்டோஸ் குழம்பும். நான் பழைய கட்டுரைகள் பத்தைத் திறந்து வாசித்துப் பார்த்த பின்னரே நிம்மதியடைந்தேன். இயக்கிப் பார்க்காத பிரதியைப் பிரதியென நம்பியிருப்பது வீண். சில வாரங்களேனும் பழைய தட்டை அழிக்கவும் கூடாது.

இவ்வளவும் செய்தும் வேலை பாதிதான் முடிந்தது. பிரதி எடுத்த நாளின் நிலையே அதிலிருக்கும். மறுநாள் எழுதியது இராது. மூலத்திலிருந்த வைரஸும் கூடவே வந்திருக்கும். இரண்டு தட்டுகளும் ஒரே வீட்டிலிருந்தால் ஒரு தீயோ வெள்ளமோ போதும். ஆகவே மூன்றாவது பிரதியொன்றை இன்னொரு ஊரிலுள்ள சகோதரியின் வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

பிரதியெடுத்தல் நமக்குப் புதிதன்று. பூச்சியும் ஈரமும் தின்னும் ஓலையில் எழுதிய சமூகம், தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதியே தன் இலக்கியத்தைக் காத்தது. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, கைபட்டால் உதிரும் ஏடுகளோடு போராடியவர். 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஆண்டுதோறும் அதற்காகத் துயருறுகிறோம். துயருறுவது நியாயமே. ஆனால் அந்த நினைவுக் கட்டுரையை எழுதுகிற கணினிக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா?

எரித்தவர்களைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையுண்டு. இழுப்பறையில் மூன்று வாரங்கள் கிடந்த தட்டுக்கு நான் யாரைக் குற்றஞ்சாட்டுவது? நண்பர் இப்போது பழைய பத்திரிகைகளைத் தேடி, தம் கட்டுரைகளை ஒவ்வொன்றாக மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். நேர்காணல் ஒலிப்பதிவுகளை அவ்வாறு மீட்க வழியில்லை. அவற்றில் பேசியவர்களில் பலர் இன்று உயிரோடில்லை.