துப்பாக்கி 2019-ல், இரவுக் கண் 2025-ல்

புதுடில்லி: தரைப்படையினர் பயன்படுத்தும் அமெரிக்கத் தயாரிப்பான 'சிக் 716' துப்பாக்கிகளுக்கு இரவில் குறிபார்க்கும் கருவிகள் வாங்க, பாதுகாப்பு அமைச்சகம் 2025 அக்டோபரில் 659 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. எம்.கே.யு. என்ற இந்திய நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்புக்கு ஆர்டர் கிடைத்தது. உள்நாட்டுப் பங்கு 51 சதவீதத்துக்கு மேல் என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஆண்டுக் கணக்குதான் உறுத்துகிறது.

முதல் 72,400 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானது 2019 பிப்ரவரியில். அதுவும் அவசரக் கொள்முதல். 500 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கையும் தாக்க வல்லது என்பதே இந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்பட்ட காரணம். நட்சத்திர வெளிச்சம் மட்டுமே உள்ள இரவில் அந்தத் தொலைவை வெறும் கண்ணால் எப்படிக் குறிபார்ப்பது? துப்பாக்கிக்கு ஒரு கோப்பு, கருவிக்கு ஒரு கோப்பு. இரண்டுக்கும் தனித்தனி ஒப்புதல், தனித்தனி சோதனை, தனித்தனி விலைப்பேச்சு. அவசரம் முதல் கோப்புடன் முடிந்துவிட்டது.

மேகசின் விஷயத்தில் நாம் முன்பே பட்டிருக்கிறோம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான 'இன்சாஸ்' துப்பாக்கிக்கு, எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மேகசின் செய்தார்கள். நல்ல யோசனைதான். 1999 கார்கில் போரின்போது மலைக்குளிரில் அதில் விரிசல் விழுந்தது. பார்வைக்கு மேகசின் வெறும் பெட்டி. அதன் வாய் விளிம்பு சற்றே விரிந்தாலும், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தாலும் தோட்டா நேராக ஏறாது. சண்டையின் நடுவே துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். 2005-ல் நேபாள ராணுவமும் இன்சாஸ் பற்றிப் புகார் கூறியது.

இன்று இன்சாசுக்கு ஒரு தோட்டா, சிக் 716-க்கு ஒன்று, ரஷ்யாவுடன் கூட்டாக அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏ.கே. 203-க்கு வேறொன்று. ஒன்றின் மேகசின் மற்றொன்றில் பொருந்தாது. பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிச் சுடவும் வழியில்லை.

பெங்களூரில் பொம்மனஹள்ளியைக் கடந்து ஓசூருக்குச் செல்லும் சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் அறிந்தவர்கள், இவற்றைச் செய்ய ஆளில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஜிகணியில் துப்பாக்கி தயாரிக்கும் எஸ்.எஸ்.எஸ். டிபென்ஸ், மோட்டார் வாகனங்களுக்கு ஸ்பிரிங் செய்துவந்த குடும்ப நிறுவனத்திலிருந்து கிளைத்தது. வெப்பப் படிமக் கருவிகள் செய்யும் டோன்போ இமேஜிங்கும் பெங்களூரு நிறுவனமே. சாலையின் மறுமுனையில் உள்ள ஓசூர், திருச்சியைப் போலவே தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இடம்பெற்ற நகரம். ஆனால், முழுத் துப்பாக்கியாக இறக்குமதி செய்தால் இங்குள்ள சிறு பட்டறைகளுக்கு ஒரு திருகாணி ஆர்டரும் வராது. 2024-ல் மேலும் 73,000 சிக் 716 துப்பாக்கிகள் அப்படித்தான் வாங்கப்பட்டன.

துப்பாக்கி டெண்டரிலேயே குறிபார்க்கும் கருவியையும் உதிரி மேகசின்களையும் சேர்த்து, மூன்றையும் ஒன்றாகப் பனியிலும் மணலிலும் சோதிப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஏ.கே. 203 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானது. அவற்றின் மேற்புறத்தில் கருவி பொருத்துவதற்கான பட்டை இருக்கிறது. அதில் பொருத்தப்போவது எது, எப்போது என்பதை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.