காமிக்ஸ் மேல பழி போட்ட ரெண்டு டாக்டர்கள்

1/
"உன் பீரோவுல மெடிக்கல் புக்கைவிட காமிக்ஸ்தான் அதிகம்"னு நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க. உண்மைதான். அதுலயும் 1950களில் வந்த அமெரிக்க அறிவியல் புனைகதை காமிக்ஸ்னா எனக்கு உயிர். அந்தச் சேகரிப்பைப் பற்றியும், நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
அந்தக் கால அமெரிக்காவில் 'பல்ப்' இதழ்கள் என்று இருந்தன. மட்டமான காகிதம், மலிவு விலை, பளீர்னு ஒரு அட்டை. ரே பிராட்பரியின் 'மார்ஸ் இஸ் ஹெவன்' கதை 1948இல் 'பிளானட் ஸ்டோரீஸ்' என்ற பல்ப் இதழில்தான் வந்தது. செவ்வாயில் இறங்கியவர்கள் அங்கே தங்கள் பழைய ஊரைப் பார்க்கிறார்கள். செத்துப்போன சொந்தங்கள் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன்.

3/
1953இல் இ.சி. காமிக்ஸ் நிறுவனம் அதைத் தன் 'வியர்ட் சயின்ஸ்' இதழில் படக்கதையாக்கியது. ஓவியம் வாலி வுட். அன்றைய விலை 10 சென்ட். இன்று அந்த ஒரிஜினல் இதழ் அரசு டாக்டர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. என்னிடம் இருப்பது 1990களில் வந்த மறுபதிப்புதான். நைட் டூட்டி முடிஞ்சு வந்து எத்தனை தடவை புரட்டியிருப்பேன்னு கணக்கில்லை.

4/
இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான கதை உண்டு. 1952இல் இ.சி., பிராட்பரியிடம் கேட்காமலேயே அவருடைய இரண்டு கதைகளை ஒன்றாக்கி வெளியிட்டுவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. எனக்கு வரவேண்டிய 50 டாலரை அனுப்ப மறந்துட்டீங்க போல என்கிற தொனியில் ஒரு கடிதம் போட்டார். பணம் வந்தது. அதன்பிறகு அவர் அனுமதியோடு, அவர் பெயர் போட்டே கதைகள் வந்தன.

5/
இப்போ முதல் டாக்டர். ஃபிரெட்ரிக் வெர்தாம், நியூயார்க் மனநல மருத்துவர். காமிக்ஸ்தான் சிறுவர்களைக் குற்றவாளி ஆக்குகிறது என்று 1954இல் புத்தகம் எழுதினார், செனட் விசாரணையில் சாட்சி சொன்னார். அதற்கு முன்பே, 1940களின் கடைசியில், சில ஊர்களில் காமிக்ஸைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். 1954லேயே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். இ.சி.யின் திகில் இதழ்கள் நின்றன. ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடிய அறிவியல் இதழும் 1956 தொடக்கத் தேதியிட்ட இதழோடு முடிந்தது.

6/
வெர்தாம் கெட்டவர் இல்லை. ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மனநல கிளினிக் நடத்தியவர். ஆனால் அவருடைய குறிப்புகள் பொதுப் பார்வைக்கு வந்தபிறகு, கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு 2012இல் கட்டுரை எழுதினார். சிறுவர்களின் வயது மாற்றப்பட்டிருந்தது. வேறு வேறு சிறுவர்கள் சொன்னது ஒருவர் சொன்னதாக ஆகியிருந்தது. வீட்டில் அடி, வன்முறை மாதிரியான காரணங்கள் விடுபட்டிருந்தன.

7/
இரண்டாவது டாக்டர் நான்தான்.
சில வருஷம் முன்னாடி ஓபியில் ஒரு அம்மா, பத்து வயசுப் பையனோட வந்தாங்க. "எப்பவும் தலைவலிங்கிறான் சார், மார்க்கும் குறைஞ்சிருச்சு. நேரம் காலம் இல்லாம காமிக்ஸ் படிக்கிறான், நீங்களே சொல்லுங்க சார்." வெளியே நீளமான க்யூ. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "காமிக்ஸை நிறுத்துப்பா, சரியாயிடும்"னேன். மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

8/
ரெண்டு மாசம் கழிச்சு அதே தலைவலி, அதே பையன். இந்தத் தடவை சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூணாவது வரியைத் தாண்டலை. கிட்டப்பார்வை. கிளாஸில் கரும்பலகையே அவனுக்குச் சரியா தெரியலை. கிட்ட வச்சுப் படிக்க முடிஞ்சது புத்தகம்தான். கண்ணாடி போட்டதும் தலைவலி போச்சு. ஆனா அவன் காமிக்ஸையெல்லாம் அம்மா பழைய பேப்பர் கடையில போட்டுட்டாங்க. "டாக்டரே சொல்லிட்டாரே"ன்னு.
வீட்டுல பீரோ நிறைய காமிக்ஸ் வச்சிருக்கிற டாக்டர்!

9/
அதனாலதான் சொல்றேன். ஒரு குழந்தை விரும்பிப் படிப்பதைக் குற்றவாளி ஆக்குவது ரொம்ப ஈஸி. அதுக்குப் பரிசோதனை வேண்டாம், நேரம் வேண்டாம். டாக்டர் சொல்லிட்டா யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க. கேளுங்க. "எதை வச்சு சார் சொல்றீங்க?"னு கேளுங்க. எங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

10/
பழைய காமிக்ஸ் சேகரிப்பது வெட்டிச் செலவுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. அன்னைக்கு எரிக்காம, எடைக்குப் போடாம சிலர் பத்திரப்படுத்தி வச்சதாலதான் பழி சுமந்த அந்தக் கதைகளை இன்னைக்கு நாமே படிச்சுப் பார்த்து முடிவு பண்ண முடியுது.

அந்தப் பையனுக்கு என் சேகரிப்பிலிருந்து பத்து தமிழ் காமிக்ஸ் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, "இதைப் படிக்கலாமா சார்?"னு கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துது.