கேட்கும் செவி எங்கே?

பிள்ளைகள் கெட்டுப் போவதற்குக் கைப்பேசியே காரணம் என்று முழங்காத மேடை இன்று நம் சமுதாயத்தில் இல்லை. திருமணப் பந்தலிலும் பேசுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவிலும் பேசுகிறார்கள். பேசி முடித்து இருக்கையில் அமர்ந்ததும், முதற்காரியமாகச் சட்டைப் பையிலிருந்து அதே கருவியை எடுத்து, தம் பேச்சின் காணொலி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று பார்க்கிறார்கள். மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. காலம் மாறிவிட்டது, இனிக் கல்வி என்றால் கணினிதான், கருவி வாங்கிக் கொடுக்காத பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்துக்கே பகைவர் என்பது இவர்களுடைய வாதம். தடை கோருவோரும் தலைமேல் வைத்து ஆடுவோரும் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடிக் கொள்கின்றனர். எனினும் இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டு நிற்கின்றனர். குழந்தையின் கல்வி பற்றிய வழக்கில் கூண்டில் ஏற்ற வேண்டியது கருவியை மட்டுமே என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு கிடையாது. பெரியவர்களாகிய நாம் பார்வையாளர் வரிசையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வசதியான உடன்பாட்டைத்தான் மறுக்க வந்தேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓதக் கற்ற முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். லெப்பையின் முன்னால் பிள்ளை சம்மணமிட்டு அமரும். அவர் ஓதிக் காட்டுவார். பிள்ளை திருப்பி ஓதும். தொண்டையின் அடியிலிருந்து எழ வேண்டிய எழுத்து மேலோட்டமாக ஒலித்துவிட்டால் அங்கேயே நிறுத்துவார். மறுபடி ஓதச் சொல்வார். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உரக்க ஓதிக் கொண்டிருக்கும்போதும், மூலையில் இருக்கும் ஒருவன் தவறியது அவர் காதில் விழுந்துவிடும். அவர் கையிலிருந்த பிரம்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அஃது ஒழிந்தது நல்லதே. அந்தச் செவியைப் பற்றியே பேசுகிறேன். ஓதிக் காட்டும் வேலையை இன்று ஒரு கைப்பேசிச் செயலி அவரினும் இனிய குரலில், அலுப்பில்லாமல், நள்ளிரவிலும் செய்யும். ஆயினும் ஓதிக் காட்டுவது அவர் வேலையில் பாதிதான். பிள்ளை ஓதுவதைக் கேட்பது மறு பாதி. கற்றல் நிகழ்ந்தது அந்த மறு பாதியில்.

இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுவது, 1572-இல் மதுரையில் அரங்கேறிய, வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. அந்நூல் முழுவதும் வினாவும் விடையுமாகவே அமைந்தது. ஒருவர் கேட்க, மற்றவர் கேள்வியைச் செவிமடுத்து விடையிறுக்கும் வடிவத்தையே அறிவைப் பரப்பும் வடிவமாக நம் முன்னோர் தேர்ந்தனர். அது தற்செயல் என்று நான் கருதவில்லை.

இதை வெறும் பழம்பெருமை என்று தள்ளுவோருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீஷியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2003-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம், சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் இருந்து கதை படித்து விளையாடினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தேறிவிட்டன. அதே மனிதர்கள் அதே மொழியில் பேசியதைத் திரையில் காட்டியபோது மற்றொரு குழுவின் குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒலியை மட்டும் கேட்டவையும் கற்கவில்லை. சொற்கள் ஒன்றே, முகமும் ஒன்றே. குழந்தை கைநீட்டினால் அதற்கு மறுமொழி தரும் மனிதர் மட்டும் திரைக்குள் இல்லை.

இதைக் கேட்டவுடன் தடை கோருவோர் கைதட்ட ஆயத்தமாவர். கொஞ்சம் பொறுக்க. 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரண்டு முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் புதிய சொற்களை மூன்று வழிகளில் கற்பித்துப் பார்த்தது. நேரில் கற்பித்தபோது குழந்தைகள் கற்றன. பதிவு செய்த காணொலியைக் காட்டியபோது கற்கவில்லை. இணையம் வழியே முகம் பார்த்து உரையாடிக் கற்பித்தபோதோ, நேரில் கற்றதுபோலவே கற்றன! கண்ணாடித் திரை மூன்றாவது வழியிலும் இருக்கத்தானே செய்தது? அதற்கு அப்பால் குழந்தையின் பேச்சைக் கேட்டு, அதற்கேற்ப விடை சொல்லும் ஓர் உயிருள்ள மனிதர் இருந்தார்.

நம் வீடுகளுக்கு இதைக் காட்டிலும் நெருக்கமான செய்தி வேறு உண்டா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும், வாப்பா துபாயிலோ ரியாத்திலோ சிங்கப்பூரிலோ இருக்க, பிள்ளை உம்மாவிடம் வளரும் வீடுகள் எத்தனை! ஒரு காலத்தில் கடிதம் வர வாரக்கணக்கானது. பின்னர்க் குரலைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஊருக்குத் திரும்புவோரின் பெட்டிகளில் வந்தன. இன்று நாள்தோறும் முகம் பார்த்துப் பேசலாம். இந்த வசதியை இழிவாகப் பேசும் மேடைப் பேச்சாளர் எவரும் மூன்றாண்டுகள் மனைவி மக்களைப் பிரிந்து அயலூரில் கிடந்து பார்க்கட்டும். ஆனால் அந்த அழைப்பில் என்ன நிகழ்கிறது? "சாப்பிட்டியா? ஸ்கூல் போனியா? உம்மாகிட்ட போனைக் குடு." மூன்று கேள்விகள், மூன்றாவது கேள்விகூட இல்லை, ஆணை. அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம், அன்று வகுப்பில் படித்த பாடத்தை மகன் வாசிக்க வாப்பா கேட்கலாகாதா? புரியாத சொல்லை நிறுத்திக் கேட்கலாகாதா? ஊர் திரும்பும்போது பெட்டியில் ஒரு புதிய டேப் கொண்டு வந்து பிள்ளையின் கையில் திணிக்கும் பாசத்தைவிட, அந்த ஐந்து நிமிடம் பிள்ளைக்கு மிகுதியாகக் கற்றுக் கொடுக்கும். பாசத்தின் அளவை நான் ஐயுறவில்லை. அது செல்லும் வழியைப் பற்றித்தான் சண்டை.

2020 மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-இல். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தில் பாடம் இல்லாமற் போகவில்லை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிற்று, கைப்பேசியிலும் ஓடிற்று, வாட்ஸப் குழுக்களில் வீட்டுப்பாடம் வந்து குவிந்தது. சொல்வதற்குக் குறைவே இருக்கவில்லை. பிள்ளை சொல்வதைக் கேட்டவர் யார்? ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புச் சிறாருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018-இல் நூற்றுக்கு 10.2 பேராக இருந்தது, 2022-இல் 4.8 ஆகச் சுருங்கியது என்று 'அசர்' அறிக்கை கூறிற்று. முந்தைய எண்ணே வெட்கப்பட வேண்டிய எண் என்பதையும் மறைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்திருந்த காலத்திலும் அங்கே செவிகள் போதுமான அளவு இருக்கவில்லை.

பிறகு வந்ததைப் பாருங்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள், மாலை நேரத்தில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் இருபது பிள்ளைகளுக்கு மேற்படாமல் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் ஆய்ந்தோரும் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 சிறாரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் பிள்ளைகள் இழந்திருந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டனர் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டனர். பெரும்பகுதியை மீட்டது பள்ளிக்கூடம். எஞ்சியதில் பக்கத்து வீட்டு அக்காளுக்கும் பங்குண்டு. இருவருமே எதிரில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

கருவியை விற்போர் இதைச் சொல்ல மாட்டார்கள். பெங்களூரில் தொடங்கிய பைஜூஸ் நிறுவனத்தின் பெயரை இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் கண்டோம். 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024-இல் அது திவால் நடவடிக்கையில் நின்றது. பெரு நாடு ஏழைப் பள்ளிகளுக்குப் பல இலட்சம் மடிக்கணினிகளை வழங்கியது. 2012-இல் வெளிவந்த ஆய்வு, பிள்ளைகளின் கணிதத்திலும் மொழியிலும் அதனால் முன்னேற்றம் ஏதும் காணவில்லை. இவற்றை நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. கடன் வாங்கி ஆண்டுச் சந்தா கட்டிய பெற்றோருக்கே அந்தக் கதை நன்றாகத் தெரியும்.

"இப்போது கருவியே பதில் சொல்கிறதே, ஐயா! கேள்வி கேட்டால் கணத்தில் விடை வருகிறதே!" என்று ஒருவர் குறுக்கிடுவது கேட்கிறது. ஆம், 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வெளிவந்தது முதல் வருகிறது. தமிழிலும் வருகிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளை முன்னேறும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை தன் ஊரைப் பற்றிக் கருவியிடம் கேட்டு எழுதிக் கொண்டு வருகிறது. கடற்கரையில் வலை உலர்வதும், கந்தூரிக் கொடியேற்றும், பெத்தும்மா வெற்றிலை இடிக்கும் ஓசையும் அதில் இல்லை. பிள்ளை தடுமாறிச் சொல் தேடும்போது, அந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக் கொண்டு காத்திருக்க ஒருவர் வேண்டும். கருவியோ தடுமாற்றத்துக்கே இடம் வைப்பதில்லை. முடித்த பண்டத்தைத் தட்டில் வைத்து நீட்டிவிடுகிறது.

கைக்குழந்தைக்குச் சோறூட்டும்போது திரையைக் காட்டும் தாய்மாரைத் திட்டுவது இப்போது எளிதான வீரம். ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுரைத்தது மெய்தான். ஆனால் மாமியார் நோயில் கிடக்க, மூத்த பிள்ளைக்குப் பள்ளி நேரமாக, கணவர் கடல் கடந்திருக்க, ஒற்றைக் கையால் அடுப்பைப் பார்க்கும் பெண்ணிடம் அந்த அறிவுரையை வாசித்துக் காட்டும் ஆண்மகன், முதலில் அந்தக் குழந்தையை அரைமணி நேரம் தன் மடியில் வாங்கிக் கொள்ளட்டும். பள்ளிக்கூடங்களும் சற்றே நாண வேண்டும். இரவு எட்டு மணிக்கு வாட்ஸப்பில் வீட்டுப்பாடத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கைப்பேசிப் பழக்கம் பெருகிவிட்டது என்று பெற்றோரை வரவழைத்துக் கண்டிக்கும் பள்ளிகள் உள்ளன.

இனி, மேடைகளில் பேசப்படாத ஒன்று. கைப்பேசிக்கு எதிரான இத்தனை கண்டனமும் நம் வீடுகளில் யார்மேல் சட்டமாகப் பாய்கிறது? மகன் மேலா? பத்தாம் வகுப்புத் தேறாத மகன் விடிய விடிய விளையாடிக் கொண்டிருக்க, பிளஸ் டூ படிக்கும் மகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக்கூட அவள் தம்பியிடம் கெஞ்ச வேண்டும். 2020-இல் ஒரே கைப்பேசி இருந்த பல வீடுகளில் முதல் வகுப்பு யாருக்குக் கிடைத்தது என்பதை அந்தந்த வீட்டுச் சுவர்கள் அறியும். கருவி கெடுதல் என்றால் இருவருக்கும் கெடுதல். பயன் என்றால் இருவருக்கும் பயன். ஒழுக்கத்தின் பெயரால் மகளுக்கு மட்டும் விதிக்கும் தடைக்குக் கல்வியோடு யாதொரு தொடர்பும் இல்லை. அதைக் கல்விக் கவலை என்று பேர் சூட்டி மேடையேற்றாதீர்கள்.

இவ்வளவு கடிந்த பிறகு, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நம் ஊர்களில் மதரஸாக் கூடங்கள் மாலையில் சில மணி நேரம் வெறுமனே கிடக்கின்றன. அதே தெருக்களில் பி.ஏ.வும் பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் முடித்த மருமகள்கள், சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க இவர்களினும் தக்கோர் யார்? கணினி ஒன்று இரண்டு அங்கே இருந்தால் இருக்கட்டும், மகளும் தொடட்டும். ஜமாஅத்துகள் விழா மேடைக்கும் விளக்குத் தோரணத்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நன்மையை நாடிச் செய்யுங்கள் என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கக் கூடாது. அரசாங்கம் கொடுத்த ஆயிரம் ரூபாயைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் வரவுசெலவை வாசிக்கும்போது, கைப்பேசியைப் பற்றிய சொற்பொழிவுக்கு முன்னால் இதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று யாரேனும் எழுந்து கேட்கட்டும்.