உப்பு ஜாடியிலிருந்து தொடங்குவோம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் விடாமல் பெய்யும்போது, எங்கள் வீட்டு அடுக்களையின் மூலையில் இருந்த பீங்கான் ஜாடியில் கல்லுப்பு தானாகவே கசிந்து, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நீர் தேங்கிவிடும். என் தாயார் அந்த நீரை இறுத்துக் கொட்டிவிட்டு உப்பை முறத்தில் பரப்பி அடுப்பங்கரையில் வைப்பார். அப்படி ஒரு நாள் இறுத்த நீரில் விரலைத் தோய்த்து நாவில் வைத்தேன். கரிப்பு அடங்கிய பின்னும் ஒரு கசப்பு நாக்கின் அடியில் நெடுநேரம் நின்றது. உப்பு ஏன் கசக்க வேண்டும் என்று அன்று எனக்குப் பதில் சொல்வார் இல்லை.

அதே வருஷந்தான் பள்ளிக்கூடத்தில் தனிமம், சேர்மம், கலவை என்ற மூன்றுக்கும் இலக்கணம் எழுதிப் போட்டார்கள். மூன்றையும் பிழையின்றி மனப்பாடம் செய்து முழு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய அந்த வாக்கியங்களுக்கும் வீட்டு ஜாடியில் தேங்கிய கசப்பு நீருக்கும் ஒரு சம்பந்தம் உண்டென்று, எழுதிப்போட்ட ஆசிரியரும் சொல்லவில்லை, எழுதிக்கொண்ட நானும் நினைக்கவில்லை. இன்றும் நம் குழந்தைகள் பெரும்பாலோர் இரசாயன சாஸ்திரத்துக்குள் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள் என்பது என் மனத்தை வருத்துகிறது.

ஜாடியில் இருந்தது வெறும் உப்பு அன்று. அது ஒரு கலவை. கடல்நீரிலிருந்து எடுத்த கல்லுப்பில் சோடியம் குளோரைடோடு சிறிதளவு மெக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலன்றி நீரை இழுப்பதில்லை. மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே நீரை வாங்கிக் கரையத் தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் முதலில் கசிவதும் அதுதான். என் நாவில் கசந்ததும் அதுதான். கலவையில் சேர்ந்த பொருள்கள் எவ்வளவு நெருங்கி இருந்தாலும் தத்தம் சுபாவத்தை விடுவதில்லை என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு துளி நீரில் இருந்தது.

சேர்மத்தின் கதை முற்றிலும் வேறு. 1807-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு முதன்முதலில் பிரித்தெடுத்த சோடியம், கத்தியால் அரியக்கூடிய அளவு மிருதுவானது, ஆனால் தண்ணீர் பட்டால் சீறிப் பாய்வது; குளோரினோ, 1915-ஆம் ஆண்டில் பெல்ஜியத்து ஈப்ரா போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களின் மூச்சை அடைத்த மஞ்சள் கலந்த பச்சை வாயு. இவ்விரண்டும் சம்யோகம் அடைந்தால் தம் பூர்வ குணங்களை அடியோடு துறந்துவிட்டு, நாம் சோற்றில் இட்டு உண்ணும் உப்பாகின்றன. கடலில் எடுத்தாலும் மலைச்சுரங்கத்தில் வெட்டினாலும் அதில் சோடியம் நூற்றுக்கு 39.3 பங்கு, குளோரின் 60.7 பங்கு என்ற விகிதம் மாறுவதே இல்லை. கலவைக்கு அப்படி ஒரு விகிதக் கட்டுப்பாடு கிடையாது.

இந்தப் பேதத்தைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ வேதாரணியத்துக்கோ போய் ஓர் உப்பளத்தின் வரப்பில் அரை நாள் நின்றால் போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் உண்ணும் உப்பு சுமார் 27 கிராம். எஞ்சியவை மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடும்போது எல்லாம் ஒருசேரப் படிந்துவிடுவதில்லை. நீர் பாதியாக வற்றுகையில் சுண்ணாம்புச் சத்து இறங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகையில் ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காக ஆன பிறகுதான், நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானி 25 டிகிரி காட்டும் தறுவாயில், உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரியை நெருங்கும் முன் மிஞ்சிய நீரைத் திறந்துவிடத் தவறினால் மெக்னீசியமும் சேர்ந்து படிந்து அந்தப் பாத்தியின் உப்பே கசந்துபோகும். மானியைக் கையில் எடுக்காமலே, நீரின் நிறத்தையும் விரல்களுக்கிடையே அதன் பிசுபிசுப்பையும் கொண்டு பதம் சொல்லக்கூடிய முதிய தொழிலாளர்களின் ஞானத்தை இரசாயன ஞானம் என்று அழைக்க நாம் ஏன் தயங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. கண் கூசும் வெயிலில் கால் வெடிக்க நின்று அவர்கள் கற்ற பாடம் அது.

அப்படித் திறந்துவிடும் கசப்பு நீரும் கழிவு அன்று. பிரான்ஸ் தேசத்து மோன்பெல்லியே நகரை அடுத்த உப்பளங்களின் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தி, அது மஞ்சளாக மாறுவதைக் கண்டு, அதிலிருந்து புரோமின் என்ற புதிய தனிமத்தை 1826-ஆம் ஆண்டில் பிரித்து அறிவித்த பலார், அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிறையாத வாலிபர். பிறர் வடித்துவிட்ட நீரை அவர் உற்றுப் பார்த்தார்.

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளில் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பாடத்திட்டத்தின் பாரமும் பரீட்சையின் அவசரமும் நான் அறியாதவை அல்ல. ஆனால் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 100 மில்லி லிட்டர் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புத்தான் கரையும். அதற்குமேல் இட்டது அடியில் கிடக்கும். அந்தத் தெளிந்த கரைசலை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், ஓரிரு நாளில் சதுரம் சதுரமாக, பட்டை தீட்டினாற்போல் உப்புப் படிகங்கள் எழும். முழுதும் வற்றும் முன் மிஞ்சிய நீரை வேறொரு தட்டில் வடித்து வைத்தால், அது எளிதில் உலராமல் பிசுபிசுத்து நிற்பதையும், உலர்ந்தாலும் மழைக்காற்றில் மறுபடி ஈரமாவதையும் குழந்தைகள் தாமே பார்ப்பார்கள். பார்த்த பிறகு கலவை என்றால் என்ன என்று அவர்களையே கேட்டால், பாடநூலின் வாக்கியத்தைவிட நல்ல வாக்கியம் ஒன்று பிறக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: வருகிற ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், முதல் பாடத்துக்கு ஒரு தட்டும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் எடுத்துவாருங்கள், இலக்கணத்தை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம்.