பேச்சில்லாத பிள்ளைக்கு ஒரு நோட்டு



சாதாரணப் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, யார் அடித்தான், டீச்சர் ஏன் திட்டினார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும். பேச்சு வராத பிள்ளைக்கு அந்த வழி இல்லை. பகலில் நடந்தது ஆசிரியைக்கும் ஆயாவுக்கும்தான் தெரியும். இரவில் நடந்தது தாய்க்குத்தான் தெரியும். சிறப்புக் கல்வியில் பெற்றோருக்கும் ஊழியருக்கும் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் ஆட்டிசம் உள்ள 9 வயதுப் பையன் இருக்கிறான். ஒரு நாள் முன்கையில் பல் தடத்தோடு வீட்டுக்கு வந்தான். பள்ளியில் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வேறு பிள்ளை கடித்ததை மறைக்கிறார்கள் என்று தாய் முடிவு கட்டி, மூன்று வாரம் அவனை அனுப்பவேயில்லை. விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. அன்று பள்ளியில் புது மின்சார மணி மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் பையன் தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். சொன்னால் பழி தன் மேல் விழும் என்று ஆசிரியை பேசாமல் இருந்துவிட்டார். குக்கர் விசிலுக்கே அவன் அலறுவான் என்பதை வீட்டாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் இடம் கொடுக்க மாட்டார்களோ என்ற பயம். இரு தரப்பிலும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள்தான். நஷ்டம் பிள்ளைக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதால் மட்டும் ஒரு தாய்க்கு ஆசிரியை மேல் நம்பிக்கை வந்துவிடாது. அது தினசரி வர வேண்டும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்குக் 'கர்னே த கொரெஸ்போந்தான்ஸ்' நினைவிருக்கும். ஆசிரியர் எழுதுவார், வீட்டில் கையொப்பம் வாங்கி மறுநாள் காட்ட வேண்டும். அது பெரும்பாலும் குற்றப்பத்திரிகை, நாங்கள் நடுங்குவோம். சிறப்புப் பிள்ளைக்கு வேண்டியது இரு பக்கமும் எழுதும் நோட்டு. வீட்டார் காலையில் எழுதட்டும்: தூங்கினானா, வலிப்பு வந்ததா, மாத்திரை மாறியதா. பள்ளி மாலையில் எழுதட்டும்: சாப்பிட்டானா, எதற்கு அழுதான், புதிதாக என்ன செய்தான். கடைசிக் கேள்வியை விடவே கூடாது. குறை மட்டுமே எழுதினால் தாய் நோட்டைத் திறக்கவே அஞ்சுவாள். காயம் பட்டால் மட்டும் நோட்டுக்குக் காத்திராமல், பிள்ளை வீடு சேருமுன் போன் செய்ய வேண்டும். நோட்டில் எழுதியதைக் காட்டி எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம் என்று நிர்வாகமும் வாக்குத் தர வேண்டும்.

ஆசிரியைக்கு நேரம் ஏது என்பீர்கள். நியாயம்தான். ஐந்து வரி போதும். அதற்குக் கால் மணி நேரத்தை நிர்வாகம் வேலை நேரத்திலேயே ஒதுக்கட்டும். வாட்ஸ்அப் குழு போதாதா என்றால், போதாது. ஒரு பிள்ளையின் சங்கடம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம். மேலும், சிறப்பு ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள், அடிக்கடி மாறுவார்கள். அதிகாரி மாறினாலும் கோப்பு இருந்தால் வேலை நிற்காது என்பது குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும். புதிதாக வருபவர் பழைய பக்கங்களைப் புரட்டினால், அந்த மணியின் கதை மறுபடி நடக்காது.

வீட்டில் இப்படி ஒரு பேரனோ பேத்தியோ இருந்தால், காலைப் பக்கத்தை எழுதும் பொறுப்பை நாமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தாய்க்கு அந்த நேரத்தில் இரண்டு கை போதாது. பென்ஷன்காரர்களுக்கு நேரமும் உண்டு, கையெழுத்தும் உண்டு.